மூன்று எண்ணும் வரை

என் மச்சான் முகுந்தனின் வலது முன்கையில் ஒரு பல் தடம் இருக்கிறது. என் மகள் மதுமிதா கடித்தது. மூன்று வருடமாகியும் மறையவில்லை. அவன் பந்திங் ஊரில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான். கையெல்லாம் எண்ணெய்க் கறையும் சூட்டுக் காயமும்தான். அத்தனைக்கும் நடுவில் அந்தத் தடத்தை மட்டும் பதக்கம் வாங்கியவன் மாதிரி எல்லோரிடமும் காட்டுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

முகுந்தன் என் மனைவி தாமரையின் அண்ணன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். நேரில் "மச்சான், வாங்க" என்பேன். மனசுக்குள் எப்போதும் அவன்தான்.

மதுவுக்கு முதல் பிறந்தநாளிலேயே காது குத்த வேண்டியது. மண்டபம் எல்லாம் பார்த்து வைத்திருந்தோம். கொரோனா வந்து நாட்டையே பூட்டிவிட்டார்கள். தள்ளித் தள்ளிப்போய், நாலு வயதில்தான் கிள்ளானில் ஒரு கோயிலில் வைத்துக் குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். பெற்ற அப்பன் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு ஓரமாக நிற்கலாம். ஒரு வயதுப் பிள்ளையாக இருந்திருந்தால் அழுதுவிட்டு மறந்திருக்கும். நாலு வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டது, எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டது.

வலிக்குமா என்று மது கேட்டாள். சுற்றி நின்ற இருபது பேரும் ஒரே குரலில் வலிக்காது என்றோம். முகுந்தன் மட்டும், "வலிக்கும் பாப்பா. மூணு எண்ணினதும் குத்துவாங்க. வலிச்சா மாமா கையக் கடிச்சுக்கோ" என்றான். ஆசாரி அவசரக்காரர். ஒன்று என்றதுமே கம்பியைக் காதருகே கொண்டுவந்துவிட்டார். இவன் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, மூன்று எண்ணி முடித்த பிறகுதான் விட்டான். முதல் காதுக்கு மது அலறினாள். இரண்டாவது காதுக்குக் கடித்தாள். நான் தாம்பாளத்தைப் பிடித்தபடி நின்றேன். வெற்றிலையும் பாக்கும் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தன, பிள்ளை இல்லை.

அன்றிலிருந்து வலி என்றாலே மாமா என்று ஆகிவிட்டது. தடுப்பூசிக்கு மாமா. ஆடும் பல்லைப் பிடுங்க மாமா. ஒருமுறை காலில் கண்ணாடிச் சில்லு ஏறியபோது நான் குறடோடு பக்கத்தில் குனிந்திருக்கிறேன், அவள் பந்திங்குக்குப் போன் போடச் சொல்லி அம்மாவிடம் கேட்கிறாள். அவனும் சளைக்காமல் ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டி வந்து சேர்ந்தான். கல்யாணம் ஆகாதவன், வேறு வேலை என்ன என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் மார்ச்சில் மது கை உடைந்தது. எங்கள் தாமான் குடியிருப்பின் விளையாட்டுத் திடலில் இரும்புக் கம்பியில் தொங்கியவள் பிடி நழுவி விழுந்தாள். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் எனக்கு வேலை. காணாமல் போன கொள்கலன் ஒன்றைப் பற்றிப் போனில் கத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது இடது முழங்கை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கோலாலம்பூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உடனே ஆபரேஷன் என்றார்கள். அதை எப்படிப் பிள்ளையிடம் சொல்வது? எக்ஸ்ரே படம் மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொன்னேன். மருந்து ஏற்றுவதற்குக் கையில் ஊசி போட வந்தபோது, "மூணு எண்ணினதும்தான் மா" என்று சொல்லிவிட்டு, அவள் தலைக்கு மேலாக நர்ஸிடம் கண்ணைக் காட்டினேன். ஒன்று என்றதும் ஊசி இறங்கியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். எல்லா அப்பாக்களும் செய்வதுதானே.

மறுநாள் அவள் கண் விழித்தபோது கையில் மாவுக்கட்டும், கட்டுக்குள்ளே தோலைத் துளைத்து எலும்பில் இறங்கிய இரண்டு கம்பிகளும் இருந்தன. அழவில்லை. என்னைப் பார்த்து, "நீங்க ரெண்டுன்னுகூட சொல்லல" என்றாள். அவ்வளவுதான். பிறகு அம்மா பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாலாவது வாரம் கம்பியை எடுக்க வேண்டும். மயக்க மருந்து இல்லாமல், கிளினிக்கிலேயே, குறடால் பிடித்து இழுத்துவிடுவார்களாம். ஒரு நிமிட வேலைதான், ஆனால் பிள்ளை கையை ஆட்டக்கூடாது. ஆட்டினால் மறுபடி ஆபரேஷன் அறைக்குக் கொண்டு போய், பட்டினி போட்டு, மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். ரொம்ப நாள் விடவும் முடியாது, கம்பி இறங்கின இடத்தில் சீழ் பிடித்துவிடும். எல்லாவற்றையும் டாக்டர் நிதானமாகச் சொல்லிவிட்டு, முந்தின வாரமே பிள்ளையைத் தயார்படுத்த ஒரு நாள் வரச் சொன்னார்.

தயார்படுத்துவதற்கென்றே அங்கே புனிதா என்று ஒருவர் இருந்தார். பிள்ளைகளோடு விளையாடுவதுதான் அவருக்கு வேலை, அதற்குச் சம்பளம் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மது கேட்டாள் என்று முகுந்தனையும் தாமரை வரச் சொல்லியிருந்தாள். என்னைக் கேட்டாளா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

புனிதா ஒரு துணிக்கரடியை எடுத்து வைத்தார். அதன் முழங்கையில் மாவுக்கட்டு, உள்ளே இரண்டு கம்பிகள். கட்டை அறுக்கும் மிஷினை ஓட விட்டார். லோரி எஞ்சின் மாதிரி ஒரு சத்தம். இது தோலை அறுக்காது, அதிரத்தான் செய்யும் என்று தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு, "அப்பா வச்சுப் பாக்கறீங்களா?" என்றார். நான் கையை நீட்டினேன். மிஷின் பக்கத்தில் வந்ததும் கை தானாகப் பின்னால் போய்விட்டது. மது அதைப் பார்த்தாள். அதற்குள் முகுந்தன் தன் எண்ணெய்க் கையை நீட்டி, கிச்சுகிச்சு மூட்டுகிறது, சத்தம்தான் பெரிசு என்றான். பட்டறைக்காரனுக்கு மிஷின் என்ன புதிதா? இதிலெல்லாம் ஒரு பெருமையா என்று எனக்கு எரிச்சல்.

பிறகு மதுவே சின்னக் குறடால் கரடியின் கம்பிகளை இழுத்து எடுத்தாள். எந்த நேரத்தில் மூச்சை ஊத வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், யார் எண்ண வேண்டும் என்று புனிதா அவளையே முடிவு செய்ய விட்டார். பெரியவர்களான எங்களுக்கு அவர் சொன்னது கொஞ்சம்தான். வலிக்காது என்று சொல்லாதீர்கள். என்ன நடக்குமோ அதைச் சொல்லுங்கள். யார் கூட இருப்பார் என்று சொன்னீர்களோ, அவரே இருக்க வேண்டும், கடைசி நேரத்தில் ஆளை மாற்றாதீர்கள்.

அறைக்குள் ஒரு பெரியவருக்குத்தான் இடம். தாமரைக்கு வயிற்றில் ஆறு மாதம். ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் என்று அவளே விலகிக்கொண்டாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யார் கூட வர வேண்டும் என்று புனிதா மதுவிடம் கேட்டார். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"மாமா."

புனிதா தாளில் எழுதினார்: முகுந்தன், தாய்மாமன். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சிரித்து முடிப்பதற்குள் தாடை வலித்துவிட்டது.

அந்த வாரம் முழுவதும் தினமும் ஏழு மணிக்கு வீடியோ கால். புனிதா கொடுத்தனுப்பிய கரடி மடியில், மாமா போனில். அவன் எண்ணுவான், இவள் ஊதுவாள், கம்பி வரும். நான் ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விளையாட்டில் எனக்கும் ஒரு வேஷம் கொடுத்தாள்: "அப்பா, நீங்க வெளிய உக்காந்திருக்கற ஆளு. கதவுக்கு அந்தப் பக்கம் போங்க." போனேன். சமையலறையில் நின்று, போனுக்குள்ளிருந்து அவன் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடும் வயது எனக்கு இன்னும் வரவில்லை, ஆனால் அன்றைக்கு வந்துவிடும் போல இருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு என்று நேரம் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன். நேரத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றியிருக்கிறோம், எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்றார்கள். சரி என்றேன். தாமரையிடம் சொன்னேன். அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். மெசேஜ் அனுப்பிவிட்டேன் என்றேன்.

அனுப்பவில்லை. மறந்துபோய் இல்லை. போனைக் கையில் எடுத்தேன், அவன் பெயரையும் தேடினேன், படத்தில் கை கட்டிக்கொண்டு நின்றான், அந்தப் பல் தடம் தெரியும்படி. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவன் வராவிட்டால் வேறு யார் போவார்? நான்தானே. நான் அவள் கையைப் பிடித்து, மூன்று எண்ணி, எல்லாம் சரியாக நடந்து முடிந்துவிட்டால், பிறகு யார் இதையெல்லாம் கேட்கப் போகிறார்கள்?

வியாழக்கிழமை காலை ஃபெடரல் ஹைவேயில் காரில் போகும்போது பின்சீட்டிலிருந்து மது கேட்டாள், மாமா நமக்கு முன்னாடியே வந்திருப்பாரா என்று. வருவாரு என்றேன். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது புனிதா வந்து மாமா எங்கே என்றார். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை என்று சொன்னேன். தாமரை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் பட்டறைச் சத்தம்.

"ரெண்டு மணிதானே தாமர?"

பத்து மணி என்று அவள் சொன்னாள்.  யார் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இப்பவே கெளம்பறேன் லா. பாப்பாகிட்ட வரேன்னு மட்டும் சொல்லிரு" என்று வைத்துவிட்டான். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டர் ஒரு மணி வரை இருப்பார், வேறு இரண்டு பிள்ளைகளை முன்னால் எடுக்கலாம் என்றார் புனிதா. இல்லையென்றால் நானே உள்ளே போகலாம், ஆனால் மாமா ஏன் இல்லை என்று மது கேட்பாள், என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. தாமரைதான் பல்லைக் கடித்துக்கொண்டு, "மோட்டார் பஞ்சர்னு சொல்லிருங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றாள்.

நல்ல பொய். யாருக்கும் நோகாத பொய். மாமாவும் பட்டறைக்காரர், பொருத்தமாகவும் இருந்தது. மது கரடியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து வாயைத் திறந்தேன். அவள் என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். நர்ஸுக்கு ஜாடை காட்டிய கண். இந்தப் பிள்ளை அன்றைக்கு அதையும் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மணி மாத்திட்டாங்கன்னு மாமாகிட்ட அப்பா சொல்லல மா" என்றேன்.

"மறந்துட்டீங்களா?"

"இல்ல. வேணும்னேதான் சொல்லல."

அவள் கரடியின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். ஏன் என்றாள்.

"நீ எப்பவும் மாமாவத்தான் கூப்பிடற. எனக்குப் பொறாம. மாமா வரலன்னா என்னைக் கூப்பிடுவேன்னு நெனச்சேன்."

ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லுகிற பேச்சா இது? பக்கத்து பெஞ்சில் ஒரு சீனப் பாட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது சுட்டது.  கம்பி எடுத்தால் வலிக்குமா என்று மது கேட்டாள். ஒரு வாரமாகக் கரடிக்கு அவளே எடுத்து எடுத்துப் பழகியதுதான். பதில் தெரிந்துகொள்ள அவள் கேட்கவில்லை.

"இழுக்கறப்ப வலிக்கும். ரெண்டு கம்பி, அதனால ரெண்டு தடவ. எவ்ளோ வலிக்கும்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

தலையை ஆட்டினாள். என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், நீங்களே வாங்க அப்பா என்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். எதிர்பார்த்தேன். அவள் புனிதாவிடம் திரும்பி, "நான் மாமாவுக்கு வெய்ட் பண்றேன்" என்றாள். அப்புறம் என்னிடம், "மாமா வந்ததும் சாரி சொல்லுங்க."

பதினொன்றே முக்காலுக்கு முகுந்தன் வந்தான். வழியில் மழை, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தாமரை சொல்லிவிட்டாளா, அவனே ஊகித்தானா தெரியவில்லை. நான் எழுந்து வாயைத் திறப்பதற்குள், சுபாங்கில் செம ஜாம் மாப்ள என்று தானே பழியைச் சாலை மேல் போட்டான். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குத் தாங்கவில்லை. மது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும், மச்சான் உங்களிடம் நேரம் மாறியதை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவன் ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, "நீங்களே போங்க மாப்ள, நான் வெளிய இருக்கேன்" என்றான்.

"சொன்ன ஆள்தான் வரணும்" என்றாள் மது. அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

கதவு மூடியது. விளையாட்டில் எனக்குக் கொடுத்த வேஷம் கடைசியில் நிஜமாகிவிட்டது, நான் வெளியே உட்கார்ந்திருக்கிற ஆள். மிஷின் சத்தம் கேட்டு நின்றது. பிறகு அவன் குரல்: ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு அலறல். தாமரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று முழுவதும் அவள் என்னைத் தொட்டது அந்த ஒரு முறைதான். மறுபடியும் ஒண்ணு, ரெண்டு, மூணு. இந்த முறை சத்தம் வரவில்லை. கடிக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்தபோது அவன் முன்கையில் புதுத் தடம், பழையதுக்குப் பக்கத்திலேயே, சிவந்து, ஈரமாக. அதைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் எரிந்தது. மது ஒரு குட்டி டப்பியில் இரண்டு கம்பிகளையும் வைத்து ஆட்டிக் காட்டினாள். கை ஆடவே இல்லை, கெட்டிக்காரி என்று டாக்டர் சொன்னாராம். முகத்தில் கண்ணீர் காயவில்லை. "ரெண்டு தடவையும் வலிச்சுது" என்று என்னிடம் வந்து சொன்னாள். நான் சொன்ன கணக்கைச் சரிபார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

கம்பி இருந்த இடத்தில் துணி வைத்து ஒட்டி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து வீட்டில் அதை எடுத்துவிட்டுப் புண்ணைக் கழுவ வேண்டும். சனிக்கிழமை காலை தாமரை அதை நனைத்துப் பார்த்தாள். ரத்தம் காய்ந்து துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மது கையை இழுத்துக்கொண்டாள். மாமாவுக்குப் போன் போடட்டுமா என்று தாமரை கேட்டாள்.  நான் குறுக்கே பேசவில்லை. அதை மட்டும் அந்த வாரம் நான் உருப்படியாகச் செய்தேன்.

மது கொஞ்ச நேரம் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"இத எடுத்தா வலிக்குமா?"

"வலிக்கும். ஒட்டியிருக்கு."

"கம்பி மாதிரியா?"

"அவ்ளோ இருக்காதுன்னு நெனைக்கிறேன். சரியாத் தெரியல."

முழங்கையை என் மடியில் வைத்தாள். நான் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தேன்.  நான் எண்ணுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் தலையை ஆட்டி மறுத்து, தானே எண்ணினாள்.

"ஒண்ணு."

நிறுத்தினாள். என் விரலைப் பார்த்தாள். அசையவில்லை.

"ரெண்டு."

இன்னும் ரொம்ப நேரம் நிறுத்தினாள். கண்ணை நிமிர்த்தி என் கண்ணைப் பார்த்தாள். நான் எங்கேயும் ஜாடை காட்டவில்லை, இமைக்கக்கூட இல்லை. சமையலறையில் தாமரை குழாயைத் திறந்தது, மூடியது கேட்டது. மது வேண்டிய அளவு பார்த்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன்.

"மூணு" என்றாள்.